நோத்ர்தாம் தேவாலயத்தோட அந்த ஆறு ஜன்னலையும் கழட்டாதீங்க: பிரான்ஸ் கலாச்சார அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

அமைச்சகத்துல இருக்கிற எல்லாருக்கும் வணக்கம்.

நான் பாண்டிச்சேரில பொறந்தவன், பாரிஸ் வந்து இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு. 2019 ஏப்ரல் 15 சாயங்காலம் சேன் நதிக்கரைல கூட்டத்தோட கூட்டமா நின்னு பாரிஸோட பழைய பெரிய தேவாலயம் நோத்ர்தாம் எரியுறத பாத்தேன். அந்த ஊசிக் கோபுரம் சாஞ்சு முறிஞ்சு உள்ள விழுந்தப்போ பக்கத்துல நின்ன ஒரு வயசான அம்மா என் கைய புடிச்சுகிட்டாங்க, அவங்க யாருன்னே எனக்கு தெரியாது, ரெண்டு பேருக்கும் பேச்சு வரல.

முதல்ல நன்றி சொல்லணும். 1163ல ஆரம்பிச்ச கோயில், அதோட கூரை மொத்தமும் சாம்பலாச்சு, அத நீங்க அஞ்சரை வருஷத்துல எழுப்பி 2024 டிசம்பர்ல திறந்துட்டீங்க. தச்சர்கள் ஓக் மரத்த பழைய காலத்து மாதிரியே கோடாலியால கையாலயே செதுக்குனாங்களே, அத நெனச்சா இப்பவும் மனசு நெறஞ்சு போகுது. கோபுரத்துக்கு புது டிசைன் வைக்கலாம்னு பேச்சு வந்தப்போ கூட கடைசில 2020ல பழையபடியே கட்டுறதுன்னு முடிவு பண்ணீங்க. பழையபடின்னா 13ம் நூற்றாண்டு கோபுரம் இல்ல, அத 19ம் நூற்றாண்டுல புதுப்பிச்ச கட்டடக் கலைஞர் வியோலே லெ துக் 1859ல கட்டி முடிச்ச கோபுரம்.

என் கேள்வியே இங்கதான் வருது. எரிஞ்சு போன அவரோட கோபுரத்த அச்சு அசலா திரும்ப கட்டுனீங்க, ஆனா தெற்கு பக்க சேப்பல்கள்ல, அதாவது உள்ளயே இருக்கிற சின்ன வழிபாட்டு அறைகள்ல, அவர் வடிவமைச்ச ஜன்னல்கள், தீ தொடவே தொடாம தப்பிச்சது, அதுல ஆறு ஜன்னல கழட்டிட்டு புதுசு வைக்கணும்னு சொல்றீங்க. இது எப்படிங்க நியாயம்?

அந்த கண்ணாடிகள்ல சாமி உருவமோ கதையோ எதுவும் கிடையாது, வெளிறின கண்ணாடில ஈயப் பட்டை வச்சு நம்ம ஊர் வாசல்ல போடுற கம்பிக் கோலம் மாதிரி ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னி போகும், அவ்வளவுதான். பாக்க சாதாரணமா தெரியலாம். ஆனா மதியானம் வெயில் அது வழியா வர்றப்போ கண்ண கூசாது, கல்லு மேல பால் தெளிச்ச மாதிரி மெதுவா இறங்கும். பக்கத்துல ரோஜா ஜன்னல்னு சொல்ற பெரிய வட்ட வண்ணக் கண்ணாடி ஜன்னல் நீலமும் சிவப்புமா எரியுது, அது அப்படி எரியணும்னா இது அடங்கி இருக்கணும். வியோலே லெ துக் கோயில் முழுசையும் ஒண்ணா யோசிச்சவரு, அதுல ஒரு துண்ட மட்டும் எடுக்க முடியாது.

அதிபர் 2023 டிசம்பர்ல இந்த காலத்தோட அடையாளமும் அங்க இருக்கணும்னு சொன்னாரு, பேராயருக்கும் அதுதான் விருப்பம். அந்த ஆசை எனக்கு புரியுது. புதுசா வரையுற ஓவியர் க்ளேர் தபுரே மேல எனக்கு ஒரு குறையும் இல்ல, அவங்க வேலைக்கு வெறும் கண்ணாடி போட்ட இடமா பாத்து குடுங்க, நானே முதல் ஆளா வந்து பாப்பேன். ஆனா உங்க சொந்த பாரம்பரிய கமிஷனே 2024 ஜூலைல ஒருத்தர் விடாம வேண்டாம்னு சொல்லியும் நிறுத்தலையே, அதுதான் வலிக்குது. பழைய கட்டடத்துல ஒவ்வொரு காலமும் சேத்தத மதிக்கணும்னு பழைய நினைவுச் சின்னங்கள பாதுகாக்குறதுக்கான சர்வதேச விதிமுறையான 1964 வெனிஸ் சாசனம் சொல்லுது, அத உலகத்துக்கே எடுத்து சொல்ற நாடு இது.

காலத்துக்கு ஏத்த மாதிரி கோயில் மாறிகிட்டேதான இருந்துச்சுன்னு நீங்க கேக்கலாம். ஆமா, மாறுச்சு. 18ம் நூற்றாண்டுல உள்ள வெளிச்சம் பத்தலன்னு இடைக்கால வண்ணக் கண்ணாடிய நெறைய எடுத்துட்டு வெள்ளைக் கண்ணாடி போட்டாங்க. அவங்களும் அவங்க காலத்துக்கு நல்லதுன்னு நெனச்சுதான் செஞ்சிருப்பாங்க, ஆனா அன்னிக்கு போனது போனதுதான், இன்னிக்கு வரைக்கும் திரும்பி வரல.

சாரம் கட்டுறதுக்கு முன்னாடி ஒரு நாள் நீங்களே வாங்க, மதியானம் பன்னெண்டு மணிக்கு மேல, வெயில் இருக்கிற நாளா பாத்து. தெற்கு பக்கம் அந்த சேப்பல்கள் முன்னாடி ஒரு அரை மணி நேரம் நின்னு தரைய பாருங்க, அதுக்கப்புறம் முடிவு பண்ணுங்க.

இப்படிக்கு,
பாரிஸ்ல இருந்து ஒரு பாண்டிச்சேரிக்காரன்