காவிரிக்கும் ஓர் ஆர்டர் போடுங்கள்: பாதுகாப்பு அமைச்சகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பாதுகாப்பு அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி என் வீடு. 2018-இல் விமானப்படையின் 45-ஆம் ஸ்குவாட்ரன் (படையணி) பெங்களூரிலிருந்து இங்கே வந்த நாள் முதல், நம் நாட்டிலேயே வடிவமைத்த போர் விமானமான தேஜஸின் சத்தம் எங்களுக்குப் பழக்கம். தலைக்கு மேல் போகும்போது பேச்சை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்போம். போனபிறகு விட்ட இடத்திலிருந்து பேசுவோம். முப்பது வருடத்துக்கு மேல் கோவையில் வார்ப்படப் பட்டறையும் லேத்துமாக இருந்தவன் நான். விமானம் பற்றிய படிப்பு கிடையாது, போர்த் தந்திரமும் தெரியாது. உருக்கி ஊற்றிய உலோகம் நாம் சொன்ன பேச்சை லேசில் கேட்காது என்பது மட்டும் நன்றாகத் தெரியும். அந்தத் தைரியத்தில்தான், தேஜஸுக்காகத் தொடங்கி அதில் மாட்டாமலே போன நம் காவிரி எஞ்சினைப் பற்றி இதை எழுதுகிறேன்.

தேஜஸைக் கிண்டல் செய்ய இந்த மடல் இல்லை. அதற்கு ஏற்கனவே நிறையப் பேர் இருக்கிறார்கள். 1983-இல் அனுமதி, 2001-இல் முதல் பறப்பு, 2016-இல் முதல் ஸ்குவாட்ரன் என்று கணக்குச் சொல்லிச் சிரிப்பார்கள். கணக்கு சரிதான். ஆனால் எங்கிருந்து தொடங்கினோம் என்பதைச் சேர்த்துச் சொல்ல மாட்டார்கள். ஜெர்மானியப் பொறியாளர் குர்ட் டாங்க் தலைமையில் பெங்களூரில் உருவான மாருத் 1961-இல் பறந்தது. அதற்குப் பிறகு சொந்தமாக ஒரு போர் விமானத்தை வடிவமைத்து முடிக்காமலே நாம் இருபது வருடத்தைக் கழித்துவிட்டோம். ஒரு பட்டறையை இருபது வருடம் பூட்டிவைத்துவிட்டுத் திறந்தால் என்ன இருக்கும்? துரு இருக்கும். கை பழகிய ஆட்கள் இருக்க மாட்டார்கள்.

அந்த நிலையில் எடுத்துக்கொண்ட வேலையும் லேசானதல்ல. தேஜஸுக்குப் பின்னால் படுக்கை வாட்டத்தில் வால் சிறகு கிடையாது, முக்கோண இறக்கை மட்டும்தான். வேகமாகத் திரும்ப வேண்டும் என்பதற்காக, தானாக நிலையாகப் பறக்காதபடி வேண்டுமென்றே செய்யப்பட்ட அமைப்பு அது. கணினி ஒவ்வொரு நொடியும் பலமுறை திருத்திக்கொண்டே இருந்தால்தான் நேராகப் போகும். ஒன்று பழுதானாலும் மற்றது பார்த்துக்கொள்ளும்படி நான்கு தடங்களாக அந்தக் கட்டுப்பாடு இருக்கிறது. இதற்கான வேலைக்காக நம் பொறியாளர்கள் அமெரிக்காவில் லாக்ஹீட் மார்ட்டின் நிறுவனத்தில் இருந்தபோது 1998 பொக்ரான் அணுகுண்டுச் சோதனை நடந்தது. அமெரிக்கா தடை போட்டது, நம்மவர்கள் பாதியில் திரும்ப வேண்டியதாயிற்று. மிச்சத்தை பெங்களூரில் உட்கார்ந்து தாங்களே முடித்தார்கள். 2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் முதல் விமானத்தை மேலே கொண்டுபோனார். அன்றிலிருந்து 2024 மார்ச்சில் ஜெய்சால்மர் அருகே ஒன்று விழும் வரை, 23 வருடம், ஒரு தேஜஸ்கூட விபத்தில் போகவில்லை. வேறு எதைப் பற்றிச் சிரித்தாலும் இதைப் பற்றிச் சிரிக்க முடியாது.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நீளம் 13.2 மீட்டர். எடையில் ஏறக்குறைய 45 சதவீதம் கார்பன் இழைக் கலவை. ஏவுகணை, குண்டு, எரிபொருள் தொட்டி மாட்ட எட்டு இடங்கள், 23 மி.மீ. துப்பாக்கி. தேஜஸின் மேம்பட்ட ரகமான மார்க் 1ஏ-வில் புதுவகை ஏஈஎஸ்ஏ ரேடாரும் எதிரியின் ரேடாரைக் குழப்பும் கருவியும் சேர்கின்றன. கடற்படை ரகம் 2020 ஜனவரியில் விக்ரமாதித்யா கப்பலின் தளத்தில் கம்பி பிடித்து இறங்கிக் காட்டியது. பிரெஞ்சு ரஃபேலோடு ஒப்பிட்டு மட்டம் தட்டுகிறவர்கள், இது பழைய மிக்-21 போர் விமானம் நின்ற இடத்தில் நிற்பதற்காகப் பிறந்த ஒற்றை எஞ்சின் விமானம் என்பதை மறந்துவிடுகிறார்கள். எங்கள் ஊர்ப் பெருமை ஒன்றும் உண்டு: மார்க் 1ஏ-வுக்கான இறக்கைகள் கோவையில் எல் அண்ட் டி ஆலையில் தயாராகின்றன. விமானத்தின் துணைக் கருவிகளை ஓட்டும் கியர் பெட்டி ஆவடி சி.வி.ஆர்.டி.ஈ. ஆய்வகம் உருவாக்கியது.

சரி, இப்போது எஞ்சினுக்கு வருகிறேன். நான் எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

மாருத் ஏன் பாதியில் நின்றது? விமானத்தின் உடல் நன்றாகத்தான் இருந்தது. ஒலியைப் போல இரு மடங்கு வேகத்துக்குத் திட்டமிட்ட உடல் அது. அதற்கேற்ற ஆர்ஃபியஸ் எஞ்சினை மேம்படுத்தும் செலவை நாம் ஏற்றுக்கொள்ளவில்லை. கிடைத்த சிறிய எஞ்சினையே மாட்டி ஓட்டினோம். 1971 போரில் லோங்கேவாலா பக்கம் நன்றாகவே சண்டை போட்டது, ஆனால் நினைத்த வேகத்தை அது கடைசிவரை தொடவில்லை.

அடுத்தது காவிரி. (எங்கள் பக்கம் காவிரி என்றாலே தண்ணீர்ப் பங்கீடு பற்றிய பேச்சுதான். இந்தக் காவிரியிலும் வர வேண்டியது வரவில்லை, என்ன செய்வது.) தேஜஸுக்காக பெங்களூர் எஞ்சின் ஆய்வகமான ஜி.டி.ஆர்.இ. செய்யவேண்டிய எஞ்சின் அது. 1989-இல் ₹382.81 கோடி ஒதுக்கினீர்கள். 81 கிலோநியூட்டன் உந்துவிசை எதிர்பார்த்த இடத்தில் எழுபது சொச்சம்தான் வந்தது. 1,100 கிலோவுக்குள் இருக்கவேண்டிய எடை 1,235-க்குப் போனது. 2008-இல் தேஜஸிலிருந்து காவிரியைப் பிரித்துவிட்டீர்கள். விமானம் அமெரிக்க ஜி.ஈ. எஃப்404 எஞ்சினோடு பறந்தது, இன்றும் அதிலேதான் பறக்கிறது.

எங்கே இடறியது என்று பட்டறைக்காரன் கண்ணோடு பார்த்தால் எனக்குக் கோபம் வரவில்லை, பெருமூச்சுதான் வருகிறது. டர்பைன் பிளேடு சுற்றுவது தன் உலோகமே உருகிப்போகும் அளவு சூட்டில். அதன் உள்ளே ஊசி போன்ற துளைகளில் குளிர்ந்த காற்று ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நாங்கள் ஊற்றும் இரும்பை உடைத்துப் பார்த்தால் சர்க்கரை மாதிரி மணிமணியாகத் தெரியும். அந்த மணிகள் சேரும் இடத்தில்தான் சூட்டில் விரிசல் விழும். ஆகவே பிளேடு முழுவதும் ஒரே மணியாக, ஒற்றைப் படிகமாக உறைய வேண்டும். பம்புசெட் உறையில் காற்றுக் குமிழி விழாமல் ஊற்றவே எங்களுக்குப் பல வருடம் பிடித்தது. உலகத்தில் இதைச் செய்யத் தெரிந்த நாடுகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். ஹைதராபாத் டி.எம்.ஆர்.எல். ஆய்வகம் 2021-இல் ஹெலிகாப்டர் எஞ்சினுக்காக ஒற்றைப் படிக பிளேடுகள் 60 செய்து, விமானம் கட்டும் எச்.ஏ.எல். நிறுவனத்துக்குக் கொடுத்தது. ஆக, நமக்கு வராத வித்தை இல்லை.

இப்போது உங்கள் கணக்கு. 2021-இல் 83 மார்க் 1ஏ, சுமார் ₹48,000 கோடி. 2025 செப்டம்பரில் இன்னும் 97, ₹62,370 கோடி. இவற்றுக்காக முதலில் 99 எஞ்சின், அதன் விலை மட்டும் ₹5,375 கோடி. பிறகு 2025 நவம்பரில் மேலும் 113. ஆக மொத்தம் 212 எஞ்சின். காவிரிக்கு இத்தனை வருடத்தில் செலவானது இரண்டாயிரம் கோடி ரூபாய் அளவில்தான். முதல் 99 எஞ்சினுக்குக் கொடுத்ததில் பாதிகூட இல்லை. இதைத் தோல்விக்கு ஆன செலவு என்கிறார்கள். எஞ்சின் செய்யத் தெரிந்த நாடுகளில் இதைவிடப் பல மடங்கு போட்டுத்தான் ஒரு எஞ்சினைத் தேற்றுகிறார்கள்.

வாங்கியதாவது நேரத்துக்கு வந்ததா? இந்தியாவுக்கான எஃப்404 தயாரிப்பு வரிசையை ஜி.ஈ. நிறுத்தி வைத்திருந்தது. மறுபடி ஓட்டுவதற்குள் தாமதம். அந்த 99-இல் முதலாவது வந்ததே 2025 மார்ச்சில். மார்க் 1ஏ விமானமே 2024 மார்ச் வாக்கில் விமானப்படை கைக்கு வந்திருக்க வேண்டும். அப்புறம் தேதி மேல் தேதி. தாமதத்துக்கு எஞ்சின் மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை, மென்பொருளும் ஏவுகணைச் சோதனையும் உண்டு. ஆனாலும் நம் விமானம் எப்போது பறக்கும் என்பதை வேறொரு நாட்டுத் தொழிற்சாலை முடிவு செய்யும்படி விட்டிருக்கிறோம். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 கடைசியாகப் பறந்து ஓய்ந்தபோது, 42 ஸ்குவாட்ரன் இருக்க வேண்டிய இடத்தில் 29 மட்டும் மிஞ்சியது.

தேஜஸின் அடுத்த ரகமான மார்க் 2-க்கான எஃப்414 எஞ்சினைத் தொழில்நுட்பத்தோடு தருவார்கள், பெரிய எஞ்சினைப் பிரெஞ்சு நிறுவனத்தோடு சேர்ந்து செய்வோம் என்கிறீர்கள். நல்லது, செய்யுங்கள். ஆனால் எங்கள் பட்டறையில் நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பெரிய கம்பெனியின் வரைபடத்தை வைத்து வருடக்கணக்கில் ஜாப் ஒர்க் செய்தோம். ஒரு நூல் பிசகாமல் செய்வோம். ஒருநாள் அவர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள். சரி, நாமே ஒரு பம்பு போடலாம் என்று உட்கார்ந்தபோதுதான் புரிந்தது: அந்த வளைவு ஏன் அந்த அளவில் இருக்கிறது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. வரைபடத்தில் அளவு இருந்தது, அது ஏன் என்பது இல்லை. அது தெரிய எங்கள் கையால் நாற்பது உறையாவது உடைந்திருக்க வேண்டும்.

அந்த உடைசல்கள் காவிரியில் ஏற்கனவே நடந்தவை. அவற்றின் பாடம் ஜி.டி.ஆர்.இ. ஆட்களின் கையில் இருக்கிறது, அவர்களோ ஒவ்வொருவராக ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆகவே கேட்கிறேன், காவிரிக்கு ஓர் ஆர்டர் போடுங்கள். ஆராய்ச்சி நிதி என்ற பெயரில் கொடுப்பது வேறு, ஆர்டர் வேறு. எண்ணிக்கை, தேதி, விலை போட்ட ஆர்டர். ஆளில்லாப் போர் விமானத்துக்காக இப்போது மாற்றியமைத்திருக்கும் காவிரியில் இருபது முப்பதாவது கேளுங்கள். சப்ளை செய்யும் சின்னக் கம்பெனிகள் அதை நம்பித்தான் மெஷின் வாங்கிப் போடும். படையணிக்குக் கொடுக்காத பழைய சோதனைத் தேஜஸ் ஒன்றில் காவிரியை மாட்டி ஓட்டியும் பாருங்கள்.

இன்னொன்று. 2010-இல் காவிரியை ரஷ்யாவுக்குக் கொண்டுபோய் இல்யூஷின்-76 சரக்கு விமானத்தில் மாட்டித்தான் பறக்கவிட்டுச் சோதித்தோம். சமீபத்திய உயரச் சோதனைகளும் அங்கேதான். நம் விமானப்படையிடமே இல்யூஷின்-76 இருக்கிறது. அதில் ஒன்றைச் சோதனைக்கென்று ஒதுக்கிக் கருவிகள் பூட்டப் பணமும் காலமும் ஆகும், தெரியும். ஆனால் ஒவ்வொரு முறையும் எஞ்சினைக் கப்பலேற்றி, அவர்கள் இடம் ஒதுக்கும்வரை காத்திருப்பதும் செலவுதானே.

2025 நவம்பர் 21 அன்று துபாய் கண்காட்சியில் தேஜஸோடு விழுந்து இறந்த விங் கமாண்டர் நமன்ஷ் சியாலின் உடல் எங்கள் சூலூருக்குத்தான் முதலில் வந்தது. அன்று தெருவில் யாரும் விமானத்தைப் பற்றிக் குறை பேசவில்லை, பெருமையும் பேசவில்லை. என்ன ஆனது என்று மட்டும் கேட்டார்கள். விசாரணையில் வெளியே சொல்லக்கூடியது எதுவோ அதையாவது எங்களுக்குச் சொல்லுங்கள். அதோடு, அடுத்த முறை விமானம் ஒப்படைக்கும் தேதியை அறிவிக்கும்போது எஞ்சின் எத்தனை கையில் வந்திருக்கிறது என்பதையும் அதே வரியில் எழுதுங்கள்.

இப்படிக்கு,
சூலூர் பக்கத்திலிருந்து,
ஓய்வுபெற்ற ஒரு பட்டறைக்காரன்