அவள் உட்கார்ந்து சாப்பிட வேண்டும்

அன்புள்ள முத்து,

இங்கே எல்லோரும் நலம். மூட்டு ஆபரேஷனுக்குப் பிறகு நீ தினமும் காலையில் ரத வீதியை ஒரு சுற்று நடந்துவிடுவதாகத் தம்பி சொன்னான். கேட்கவே நிம்மதியாக இருந்தது. மாடிப்படியை மட்டும் இன்னும் ஒரு மாதம் தொடாதே. தங்கச்சி சொல்வதைக் கேள்.

வருகிற கார்த்திகையோடு எங்களுக்குக் கல்யாணமாகி 25 வருஷம். பத்து நாள் ஜப்பான் போகிறோம். உன் மதினிக்கு ஜப்பான் என்பது வரைக்கும்தான் தெரியும். நடுவில் வரும் இரண்டு இரவுகளைப் பற்றி அவளிடம் மூச்சு விடவில்லை. போனில் பேசும்போது நீயும் சொல்லிவிடாதே.

எங்கள் மறுவீட்டுச் சாப்பாடு உனக்கு ஞாபகம் இருக்கும். மாமனார் வீட்டுத் திண்ணையில் பந்தி, தேங்காய்ப்பால் சொதி, இஞ்சிப் பச்சடி, உருளைக்கிழங்கு வறுவல். நீ மூன்று தடவை சொதி வாங்கினாய். அன்றைக்கு அவள் சாப்பிட்டது நாலு மணிக்கு. புதுப்பெண், வந்தவர்களெல்லாம் எழுந்த பிறகுதான் உட்கார்ந்தாள். சொதி தீர்ந்துபோய் வெறும் ரசம் ஊற்றிக்கொண்டாள். அது அன்றோடு முடிந்திருந்தால் சரி. இன்றைக்கும் ராத்திரி எனக்கும் பையனுக்கும் சுடச்சுடத் தோசை வரும். அவள் அடுப்பு முன்னால் நின்றுகொண்டே கடைசித் தோசையைப் பிய்த்து வாயில் போட்டுக்கொள்வாள். அடுப்பை அணைத்த பிறகு அவள் தட்டோடு உட்கார்ந்து நான் பார்த்தது குறைவு. 25 வருஷமாக இதைப் பார்த்துக்கொண்டு சாப்பிட்டிருக்கிறேன். எனக்கு வருத்தமாக இருக்கிறது, முத்து.

அதனால்தான் ரியோகான். ஜப்பானியர்களின் பழைய பாணித் தங்கும் விடுதி. பாய் விரித்த அறை, தாழ்வான மேஜை. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் பணிப்பெண் கதவருகே மண்டியிட்டு, கதவைத் தள்ளித் திறந்து, ஒவ்வொரு பதார்த்தமாகக் கொண்டுவந்து வைப்பார். ஒன்றைச் சாப்பிட்டு முடித்த பிறகுதான் அடுத்தது. நாம் எழுந்திருக்கவே வேண்டாம். சாப்பாடு முடிந்ததும் மேஜையை நகர்த்திவிட்டு அதே அறையில் படுக்கையும் விரித்துவிடுவார்கள். இப்படிப்பட்ட விடுதிகள் அங்கே தலைமுறை தலைமுறையாக நடக்கின்றன. யமனாஷி மலைப்பக்கம் இருக்கும் கெய்யுன்கான் 705-இல் தொடங்கியதாம், உலகத்திலேயே பழைய ஹோட்டல் என்று கின்னஸில் இருக்கிறது.

நான் பிடித்திருப்பது ஹக்கோனே மலையில். அறையை ஒட்டியே வெளியில் ஒரு வெந்நீர்த் தொட்டி, பூமிக்குள்ளிருந்து வரும் ஊற்று நீர். பொதுக் குளியலறையில் துணியில்லாமல்தான் இறங்க வேண்டும் என்பது அங்கே வழக்கம். குற்றாலத்தில் புடவையோடு குளித்துப் பழகியவளுக்கு அது நடக்காத காரியம். தனித்தொட்டி அறைக்கு விலை கூடத்தான், ஆனாலும் அதையே எடுத்தேன். ஓர் இரவுக்கு 75,000 யென். முதலில் அறைக்கு என்று நினைத்துவிட்டேன். ரியோகானில் வாடகையை ஆள் கணக்கில்தான் சொல்வார்கள், இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்த்து. இரண்டு பேருக்கு இரண்டு இரவு என்றால் மூன்று லட்சம் யென். நீ எப்போதாவது போனால் இதை மறக்காதே.

பணம்கூடப் பெரிய விஷயமில்லை. நான் இரண்டு மாதமாக மல்லுக்கட்டியது சாப்பாட்டோடுதான். ரியோகான் விருந்தைக் கைசேகி என்பார்கள். அதில் பெரும்பாலானவற்றுக்கு அடியில் தாஷி என்ற சாறு இருக்கும். சூரை மீனை அவித்து, புகையூட்டி, காயவைத்து, மரக்கட்டை மாதிரி இறுகிய பிறகு சீவி வெந்நீரில் போட்டு எடுப்பது. நம் தூத்துக்குடிப் பக்கம் விற்கும் மாசிக்கருவாடு இருக்கிறதே, அதுவும் இதே சூரைதான். கத்தரிக்காயை வேகவைப்பதும் அந்தச் சாற்றில், டோஃபுவுக்கு மேல் ஊற்றுவதும் அந்தச் சாறு. கண்ணுக்குத் தெரியாது. ‘சைவம்’ என்று மட்டும் சொன்னால் மீன் துண்டை எடுத்துவிடுவார்கள், சாறு அப்படியே இருக்கும். உன் மதினி பிறந்ததிலிருந்து மீன் வாசனை அறியாதவள். தெரியாமல் சாப்பிட்டுவிட்டுப் பிறகு தெரிந்தால் அந்தப் பயணமே அவளுக்குக் கசந்துவிடும்.

மூன்று விடுதிகளுக்கு எழுதினேன். ஒன்று முடியாது என்றது. இன்னொன்று மீன் இல்லாமல் செய்வோம், சாற்றை மாற்ற முடியாது என்றது. அந்த நேர்மைக்கு நன்றி சொல்லி எழுதினேன். மூன்றாவது விடுதி பதிலுக்குக் கேள்விகள் அனுப்பியது. முட்டை சேருமா? பால்? பூண்டு, வெங்காயம்? கொம்பு என்ற கடற்பாசியும் ஷீட்டாக்கே காளானும் ஊறவைத்த சாறு என்றால் சரியா? படித்ததும் எழுந்து வராந்தாவில் நடந்தேன். அவளுக்கு என்ன ஆகும், ஆகாது என்று இத்தனை அக்கறையாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டேன்.

உள்ளூர் டிராவல்ஸ்காரர் ஒருவர் எட்டு நாளில் ஆறு ஊர், ராத்திரி தோறும் வட இந்திய பஃபே என்று திட்டம் கொடுத்தார். அங்கேயும் தட்டைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்க வேண்டுமா என்று வேண்டாமென்றுவிட்டேன். நானே போட்ட திட்டம் டோக்கியோ மூன்று இரவு, ஹக்கோனே இரண்டு, கியோட்டோ மூன்று, கோயாசான் ஒன்று. விமானத்தில் போகும்போது மட்டும் பிசினஸ் கிளாஸ், அவள் இடுப்பு வலிக்காக. திரும்பும்போது சாதாரண சீட்டு போதும்.

டோக்கியோவில் அசகுசா பக்கம் மாட்சுசியாமா என்று ஒரு கோயில். அங்கே இருப்பது நம் பிள்ளையார். காங்கிடென் என்கிறார்கள். முள்ளங்கிதான் படையல். உடம்பு நலமாக இருக்கவும் தம்பதிகள் ஒற்றுமையாக வாழவும் முள்ளங்கி வைத்துக் கும்பிடுவார்களாம். கல்யாண நாளன்று காலையில் அங்கே போவதாக இருக்கிறோம்.

கியோட்டோவில் நவம்பர் கடைசியில் மேப்பிள் இலை சிவக்கும். வசந்தத்தில் செர்ரிப் பூவுக்கு எவ்வளவு கூட்டமோ அவ்வளவு கூட்டம் இதற்கும். கார்த்திகையில் கல்யாணம் பண்ணிக்கொண்டதில் இது ஒரு லாபம். அங்கிருந்து ரயிலில் முக்கால் மணி நேரத்தில் நாரா. அங்கே இருக்கும் பெரிய புத்தருக்கு 752-இல் கண்திறப்பு செய்தவர் போதிசேனர், நம் நாட்டிலிருந்து கடல் கடந்து போன துறவி. அந்தக் காலத்தில் கப்பலேறி, போன ஊரிலேயே வாழ்ந்திருக்கிறாரே. அவர் நின்ற இடத்தில் ஐந்து நிமிஷமாவது நிற்க வேண்டும் என்று ஆசை.

கோயாசான் மலைக்கோயில் ஊர். கூகாய் என்ற மகான் 816-இல் அரசரிடம் இடம் கேட்டு வாங்கி உண்டாக்கியது. ஐம்பதுக்கும் மேற்பட்ட மடங்களில் நாம் தங்கலாம். மடத்துச் சாப்பாடு ஷோஜின் ரியோரி, முழுச் சைவம், அங்கே சாறைப் பற்றிய பயம் இல்லை. பெரிய தேவதாருக்களின் அடியில் இரண்டு கிலோமீட்டர் நடந்தால் கூகாயின் சமாதி. அவர் இன்னும் தியானத்தில் இருப்பதாக நம்புகிறார்கள். நம் ஜீவசமாதி மாதிரி. தினமும் இரண்டு வேளை அவருக்குச் சாப்பாடு கொண்டுபோகிறார்கள், காலை ஆறுக்கும் பத்தரைக்கும். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முந்தைய மனிதருக்கு இன்றைக்கும் நேரம் தவறாமல் சாப்பாடு. அதை அவளோடு நின்று பார்க்க வேண்டும்.

மற்றபடி விசா இப்போது இ-விசாவாகவே கிடைக்கிறது. பெட்டிகளை ஹக்கோனேயிலிருந்து கியோட்டோ ஹோட்டலுக்கே அனுப்பிவிடலாம், மறுநாள் வந்துசேரும். புல்லட் ரயிலில் வலப்பக்க ஜன்னல் கேட்டிருக்கிறேன், ஃபூஜி மலை அந்தப் பக்கம்தான் தெரியும். சளி மாத்திரைகளில் சூடோஎஃபெட்ரின் பத்து சதவீதத்துக்கு மேல் கலந்தவற்றை அங்கே கொண்டுபோகக் கூடாது என்பதால் மருந்துப் பையை டாக்டரிடம் காட்டினேன்.

உன்னிடம் ஓர் உதவி. உன் மகள் ஜப்பானிய மொழியில் என்3 என்ற இடைநிலைத் தேர்வில் தேறிவிட்டாள் என்று எழுதியிருந்தாயே. நானும் போனில் பாடம் கேட்கிறேன். வினைச்சொல் நம்மைப் போலவே கடைசியில்தான் வருகிறது, நாம் ‘ஆ’ சேர்த்துக் கேள்வி கேட்பது போல அவர்கள் ‘கா’ சேர்க்கிறார்கள். இருந்தாலும் எழுதும் அளவுக்கு வராது. ஓர் அட்டையில் அவளைத் தெளிவாக எழுதித் தரச் சொல். மீன், மாமிசம் கூடாது. கட்சுவோ தாஷியும், அதாவது அந்தச் சூரை மீன் சாறும் கூடாது. கொம்பு, காளான் சாறு சரி. வழியில் சாப்பிடும் கடைகளில் காட்டுவதற்கு.

கீழே இன்னொரு வரியும் எழுதச் சொல். அது ஹக்கோனே பணிப்பெண்ணுக்கு மட்டும்: ‘ஒவ்வொரு பதார்த்தத்தையும் முதலில் என் மனைவிக்குப் பரிமாறுங்கள்.’

அன்புடன்,
சங்கரன்