கெட்டிமேளம் முந்துகிறது

அன்புள்ள தம்பிக்கு,

சின்னவள் கல்யாண வீடியோ பிராஜெக்டை பிரீமியர் எடிட்டிங் சாஃப்ட்வேரில் திறந்து பார்த்தேன். மாப்பிள்ளை அழைப்பை நீ கோத்திருக்கும் நேர்த்திக்கு, மதுரையில் ஸ்டூடியோ வைத்திருக்கிற எவனும் கிட்டே வர முடியாது. ஆனால் முகூர்த்தத்தில் மேளம் பிசகுகிறது. மாப்பிள்ளை தட்டிலிருந்து தாலியை எடுக்கவே இல்லை, அதற்குள் கெட்டிமேளம் கொட்டிவிடுகிறது. தவில்காரர் கோலை ஓங்குமுன் சத்தம் வந்துவிட்டது.

திருப்பரங்குன்றத்தில் முகூர்த்த நாள் என்றால் பக்கத்துக் கல்யாணத்து மேளமும் சேர்ந்து விழும். அதற்காகத்தான் ரெக்கார்டரைத் தனியாக வைத்தேன். அந்தச் சத்தத்தை ஏ2 என்கிற இரண்டாவது ஆடியோ வரிசையில் போட்டு, கெட்டுவிடக் கூடாது என்று பூட்டியிருக்கிறாய். அப்புறம் அட்சதை ஷாட்டைச் செருகக் கமா சாவியைத் தட்டியிருக்கிறாய், அது இன்செர்ட். இன்செர்ட் என்றால் இருப்பதைத் தள்ளிக்கொண்டுதான் உள்ளே போகும். படம் வலப்பக்கம் நகர்ந்துவிட்டது, பூட்டிய மேளம் இருந்த இடத்திலேயே நின்றுவிட்டது.

உனக்குத் தெரியாததில்லை, எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். டைம்லைனின் இடது ஓரத்தில், புது ஷாட் எந்த வரிசையில் விழும் என்று காட்டுகிற வி1 சோர்ஸ் கட்டத்தை மேலே இருக்கிற வி2 வீடியோ வரிசைக்கு ஏற்றிவிடு. ஏ1 கட்டத்தை அணைத்துவிடு, இல்லாவிட்டால் ஷாட்டோடு வருகிற கூச்சல் கேமரா சத்தத்தை அழித்துவிடும். கமா வேண்டாம், புள்ளிச் சாவியைத் தட்டு, அது ஓவர்ரைட். ஓவர்ரைட்டில் எதுவும் நகராது. பக்கத்திலேயே இன்னொரு வரிசைக் கட்டம் இருக்கும், அது பேஸ்ட் பண்ணுவதற்கு, அதைப் பார்த்து ஏமாந்துவிடாதே. ராத்திரி முழுக்கக் கண் விழித்தால் இப்படித்தான் ஆகும். நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா? கட்டத்தைப் பார்த்த பிறகுதான் சாவியைத் தட்ட வேண்டும், சரியா?

இதைத் தேடும்போது வி2-வின் கண் குறியை அணைத்து, அந்த வரிசையை மறைத்துப் பார்த்தேன். மேலே இருக்கிற டிராக் கீழே இருப்பதை மறைக்கும், தெரிந்த கதைதான். மாப்பிள்ளைக்கு நீ மாலை போட்ட இடத்தில் தேங்காய்த் தட்டை வைத்திருக்கிறாய். பந்தியில் நீ சாம்பார் வாளியோடு வருகிற இடத்தில் வாழையிலை. குடும்பப் படம் எடுத்தபோது ஓரமாக நின்றாயே, அங்கே மேடைப் பூவை மெதுவாக நகரவிட்டிருக்கிறாய். வேலை சுத்தம். பார்க்கிறவனுக்குச் சந்தேகமே வராது. பெண்ணுக்கு அண்ணன் ஒருத்தன் இருக்கிறான் என்பதும் தெரியாது.

ஏன் என்று நான் கேட்கப் போவதில்லை. கோரிப்பாளையத்து அத்தை அன்றைக்குச் சொன்னது அவளுக்கே மறந்திருக்கும். வேலை விஷயத்தை நீயாகச் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன், அதுவரை வீட்டில் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். மாதம் பிறந்தால் பணம் மட்டும் வருகிறது. அதை அம்மா தொடவில்லை, அவள் எதிர்பார்ப்பது போன். தாடி வைத்திருக்கிறாய், அதுவும் கீழ் டிராக்கில்தான் பார்த்தேன். தங்கை கல்யாணத்துக்குச் சவரம் பண்ணிக்கொண்டு வரக் கூடாதா?

உன்னை மறைத்த துண்டுகளை எல்லாம் எடுத்துவிட்டேன், சண்டைக்கு வராதே. இலையை மட்டும் விட்டிருக்கிறேன், அந்த ஷாட் நன்றாக இருக்கிறது. கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள்ளலாம்.

மேளத்தை நான் தொடவில்லை. அதை நீ இங்கே வந்து சரிசெய். அழகர் ஆற்றில் இறங்குவதற்குள் சம்பந்தி வீட்டுக்குக் கொடுத்தாக வேண்டும். ராத்திரி வருவதானால் பாண்டியன், பகலில் என்றால் வைகை, எதில் டிக்கெட் போட என்று அம்மாவிடம் போனில் சொல்.

அப்பா