நிவாரணத்துக்கு மனு கொடுத்த பின் வரும் போன்: பேசுவது யார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வெள்ள நிவாரணத்துக்கு மனு கொடுத்தவருக்கு வரும் போன் நிஜமா, மோசடியா என்று கண்டுபிடிக்க வழி செய்வது பற்றி எழுதுகிறேன். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் அரசு செய்து முடிக்க வேண்டிய வேலை இது. பெரிய செலவு பிடிக்காத வேலைதான்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அரசு அறிவித்த 6,000 ரூபாய் பெரும்பாலான அட்டைதாரர்களுக்கு ரேஷன் கடையிலேயே டோக்கன்படி ரொக்கமாகக் கிடைத்துவிட்டது. சர்க்கரை அட்டைக்காரர்கள், வருமான வரி கட்டுபவர்கள் போன்றோர் மட்டும் பாதிப்பு விவரத்தையும் வங்கிக் கணக்கு எண்ணையும் எழுதி மனு கொடுக்க வேண்டியிருந்தது. நான் தபால் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். படிவம் என்றால் எங்கள் தெருவில் என்னிடம்தான் வருவார்கள். பலருக்கும் நிரப்பிக் கொடுத்தேன்.

அப்புறம் போன்கள் வரத் தொடங்கின. கீழ்வீட்டுக்காரருக்கு வந்த அழைப்பில், "உங்க அக்கவுண்ட் நம்பர் ஒத்துப்போகல, இப்ப ஒரு மெசேஜ் வரும், அதுல பின் நம்பர் போட்டா பணம் ஏறிடும்" என்றார்கள். போட்டார். அந்த மாத வாடகைக்கு வைத்திருந்த பணம் போய்விட்டது. எதிர்வீட்டு அம்மாவுக்கோ உண்மையான அலுவலரே பேசியிருக்கிறார், தன் சொந்த செல்போனிலிருந்து. மோசடி என்று பயந்து அவர் துண்டித்துவிட்டார். மனு அப்படியே கிடந்தது. நேரில் போய் நின்ற பிறகுதான் நகர்ந்தது.

இந்த இரண்டாவது சம்பவம்தான் என்னை அதிகம் உறுத்துகிறது. தெரியாத எண்ணை எடுக்காதீர்கள் என்று சொல்வது சுலபம். மனு கொடுத்தவர் பணத்துக்குக் காத்திருப்பவர் ஆயிற்றே, எடுக்காமல் எப்படி இருப்பார்? நிஜ அலுவலரும் மோசடிக்காரனும் ஒரே மாதிரி பத்து இலக்க செல் எண்ணில் பேசினால், பிரித்தறியும் பொறுப்பை எழுபது வயது அம்மாவின் தலையில் கட்டுவது நியாயமே இல்லை. ட்ரூகாலரில் 'தாலுகா ஆபீஸ்' என்று பெயர் வருவதையும், வாட்ஸ்அப்பில் அரசு முத்திரை தெரிவதையும் நம்ப முடியாது. எவரும் வைத்துக்கொள்ளலாம்.

என் தங்கை மகன் ஹூஸ்டனில் இருக்கிறான். அங்கே 2017-ல் ஹார்வி புயல் அடித்தது. ஃபீமா என்ற அவர்களுடைய மத்தியப் பேரிடர் அமைப்பில் பதிவு செய்தால் ஒன்பது இலக்க எண் ஒன்று தருவார்களாம். வீட்டைப் பார்வையிட வரும் ஆய்வாளரிடம் அந்த எண் ஏற்கெனவே இருக்கும், நம்மிடம் கேட்கத் தேவையில்லை. பார்வையிடக் கட்டணமும் கிடையாது. சந்தேகம் வந்தால் ஃபீமாவின் உதவி எண்ணுக்கு நாமே போன் செய்து விசாரிக்கலாம். நம் ஊரிலும் இதையே செய்யலாமே! மனு வாங்கும்போது ஒப்புகைச் சீட்டில் ஓர் எண் கொடுக்கட்டும். பேசுகிறவர் முதலில் அந்த எண்ணை நமக்குச் சொல்லட்டும். அதன் பிறகு நாம் வாயைத் திறக்கலாம்.

அதே சீட்டில் எந்த எண்ணிலிருந்து அழைப்பு வரும், திருப்பி அழைத்து உறுதி செய்ய எந்த அலுவலக எண், என்னென்ன கேட்பார்கள் என்பதையும் அச்சிட வேண்டும். ஓடிபி, யுபிஐ பின், ஏடிஎம் அட்டை எண், 'பரிசீலனைக் கட்டணம்' எதையும் எந்த அலுவலரும் கேட்க மாட்டார் என்று கொட்டை எழுத்தில் போடட்டும். யுபிஐ-யில் பணம் பெற பின் தேவையே இல்லை, அனுப்பத்தான் தேவை. இந்த ஒரு விவரம் தெரிந்திருந்தால் கீழ்வீட்டுக்காரர் தப்பித்திருப்பார். வங்கிகளும் அரசு அமைப்புகளும் பேசுவதற்கென்று 1600-ல் தொடங்கும் எண் வரிசையை மத்திய தொலைத்தொடர்புத் துறை 2024-ல் கொண்டுவந்தது. நிவாரணப் பணிக்கும் அந்த வரிசையில் எண் வாங்கினால் அலுவலர்கள் சொந்த செல்லிலிருந்து பேச வேண்டியிராது.

அதுவரை வாசகர்களுக்கு நான் சொல்வது இதுதான்: சந்தேகமாக இருந்தால் பேசுகிறவரின் பெயரையும் பதவியையும் கேட்டுக்கொண்டு போனை வைத்துவிடுங்கள். அவர் கொடுக்கும் எண்ணுக்குத் திருப்பிப் பேசாதீர்கள். ரேஷன் உதவி எண் 1967-லோ, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077-லோ விசாரியுங்கள். முடிந்தால் மனு கொடுத்த இடத்துக்கே போய்க் கேளுங்கள். பணம் போய்விட்டால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள். சீக்கிரம் சொன்னால் அந்தப் பணத்தை வழியிலேயே முடக்கிவைக்க வாய்ப்பு உண்டு.

வருவாய்த் துறையும் உணவு வழங்கல் துறையும் கலந்து பேசி, இந்த மழைக்காலத்துக்குள் அந்தச் சீட்டின் மாதிரியை ஒவ்வொரு ரேஷன் கடை வாசலிலும் ஒட்ட வேண்டும் என்று உங்கள் நாளிதழ் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தபால் ஊழியர்,
முடிச்சூர்