வசந்திக்கு, பை கட்டுறதுக்கு முதல்

திருக்கோவில்,
ஆடிக் கடைசி

அன்பான வசந்தி,

இஞ்ச எல்லாரும் சுகம். தீர்த்தம் முடிஞ்சு ஊர் இப்பதான் அடங்கியிருக்கு. நீ போன் எடுக்காத கோபத்தை நேரில கண்டு தீர்த்துக்கொள்ளுறன். பள்ளிக்கூட லீவுக்குக் குடும்பத்தோட நுவரெலியா போறியள் எண்டு உன்ர தம்பி சொன்னான். சந்தோசம் கா. ஆனா உன்னை எனக்குத் தெரியும். விடிய நாலு மணிக்கு வேன் வாசலில நிக்கும், நீ அப்பதான் அலுமாரியைத் திறப்பாய். தலையணை உறைக்குள்ள உடுப்புக் கட்டின கதிர்காமப் பயணத்தை பெரியம்மா இன்னும் மறக்கயில்ல.

போனில சொன்னா பாதி காத்தோட போயிடும். அதாலதான் எழுதித் தம்பியிட்டக் குடுத்து விடுறன். வாசிச்சிட்டு அலுமாரிக் கதவில ஒட்டு.

ஆளுக்கொரு பை எண்டு கட்டாத. போற பாதையைப் பார்த்துக் கட்டு. செங்கலடியில ஏறேக்க வேர்க்கும், பின்னேரம் இறங்கேக்க பல்லுக் கிட்டும். ஒரே நாளுக்குள்ள ரெண்டு காலநிலை. ஆளுக்கொரு பை கட்டினா, மகாஓயாவில ஒரு துவாய்க்காக அஞ்சு பையும் றோட்டோரம் திறந்து கிடக்கும். அதனால வழிக்கு ஒரு பை, தங்குற இடத்துக்கு ரெண்டு பெரிய பை, அவ்வளவுதான். வழிப் பை உன்ர காலடியில இருக்கட்டும். அதுக்குள்ள கடைசியாத் தேவைப்படுறது அடியில, முதல் தேவைப்படுறது மேல.

மேல வைக்க வேண்டியது மகாஓயாச் சாமான். வெந்நீர்க் கிணத்தைக் கண்டா சின்னவன் இறங்காம வரமாட்டான். அவனுக்கும் பிள்ளைக்கும் ஒவ்வொரு மாத்துடுப்பு, நனைஞ்சதைப் போட ரெண்டு ஷொப்பிங் பேக், துடைக்கப் பழைய சாரம். துவாய் வேண்டாம் கா. தடிச்ச துவாய் நுவரெலியாப் பனியில ரெண்டு நாளாக் கிடந்தாலும் காயாது, மணக்கத் தொடங்கிடும். சாரம் பிழிஞ்சு விரிச்சா ராவைக்குள்ள பாதிக்கு மேல காஞ்சிடும்.

அதுக்குக் கீழ வாந்திச் சாமான். பிபிலை தாண்டினா லுணுகலை, பசறை எண்டு வளைவுக்கு மேல வளைவு. சத்தி வந்த பிறகு குளிசை குடுத்தா அது வயித்தில நிக்காது. ஏற்றம் தொடங்க ஒரு மணித்தியாலத்துக்கு முதல் குடுக்கவேணும், மகாஓயாவில சாப்பிட்ட கையோட குடுத்தாச் சரியா இருக்கும். பிள்ளைகளின்ர வயசைப் பாமசியில சொல்லி அளவு கேட்டு வாங்கு, அரைக் குளிசை காற் குளிசை எண்டு நீயா உடைக்காத. காலமச் சாப்பாடு குறைவா, எண்ணெய் இல்லாம இருக்கட்டும். வளைவில போனைக் குனிஞ்சு பார்க்க விடாத. கண் ஒரு இடத்தில நிக்க, உடம்பு ஆடினாத்தான் தலை சுத்திறது. முன் சீற்றில இருந்து தூரத்து றோட்டைப் பார்க்கச் சொல்லு.

வழிச் சாப்பாட்டுக்குப் பிட்டும் தேங்காய்ப்பூச் சம்பலும் கட்டுவன் எண்டு நிப்பாய். பச்சைத் தேங்காய் சூட்டோட மூடிக் கட்டினா மத்தியானத்துக்கு முதல் புளிச்சிடும். பாணும் சீனிச் சம்பலும் கொண்டு போ. வெங்காயம் நல்லா வதங்கித் தண்ணி வத்தினதா இருந்தா ரெண்டு நாளும் தாங்கும். சோறுதான் வேணுமெண்டா புளிச்சாதம், ஆற விட்டுத்தான் கட்டவேணும்.

அடியில மாமிக்குச் சீலை, ஒரு சால்வை, அர்ச்சனைச் சாமான். வெலிமடைப் பக்கத்தால போறதால ஹக்கல தாண்டினதும் சீதா எலிய கோயில்தான் முதல் வரும், டவுண் அதுக்குப் பிறகுதான். அறைக்குப் போய் உடுத்து வருவம் எண்டா திரும்பி வரமாட்டியள், மாமி அதைச் சொல்லிச் சொல்லியே மூண்டு நாளையும் முடிப்பா. எல்லாருக்கும் ஒவ்வொரு சுவெட்டரும் இந்த அடுக்கிலதான். ஆகஸ்டில ஊவாப் பக்கம் காய்ஞ்சு கிடக்கும், ஹக்கல தாண்ட மழை முகில் மூடிடும். வேன் கூரையில ஏத்துற பைக்குள்ள உடுப்பு வைக்க முதல் பெரிய கறுப்புப் பொலித்தீன் பையை உள்ளுக்கு விரி. தரப்பாள் மேல மட்டும் மூடினா ஓரத்தால தண்ணி இறங்கும்.

மாமியின்ர இன்சுலின் விசயத்தில விளையாடாத வசந்தி. இதை மட்டும் ரெண்டு தரம் வாசி. புதுப் போத்தல் 2 முதல் 8 பாகைக்குள்ள இருக்கவேணும், ஆனா உறையக் கூடாது. ஐசோட ஒட்டிக் கிடந்து ஒருக்கா உறைஞ்சா, பிறகு உருகினாலும் அந்த மருந்து வேலை செய்யாது, எறியத்தான் வேணும். அகண்ட வாய்ப் பிளாஸ்கில ஐஸ் கட்டியை பொலித்தீனில கட்டி, துணியால சுத்தி அடியில வை. மேல இன்னொரு துணி, அதுக்கு மேல போத்தல். திறந்து பாவிக்கிற போத்தலுக்கு ஐஸ் தேவையில்ல, வெயிலும் சூடும் படாம இருந்தாக் காணும். வேன் கண்ணாடிக்கு முன்னால மட்டும் வைக்காத, பூட்டி நிக்கிற வேனுக்குள்ள அது வெந்துபோகும். மருந்தை ரெண்டாப் பிரி, பாதி மாமியின்ர கைப்பையில, பாதி உன்னட்ட. கூரைப் பையில ஒரு ஊசியும் போகக்கூடாது. கிளினிக் கொப்பியும் கையோட. சாப்பாடு முன்னால வந்து வைக்கிறதுக்கு முதல் ஊசி போட விடாத. பயணத்தில சாப்பாட்டு நேரம் தள்ளிப் போகும், சீனி இறங்கி வேர்த்து நடுங்கினா மூண்டு தேக்கரண்டி சீனி கரைச்ச தண்ணி உடன குடுக்கவேணும். அந்தச் சீனியை ஒரு சின்னப் போத்தலில இப்பவே போட்டு மாமியின்ர பைக்குள்ள வை. மயங்கினா வாயில ஒண்டும் ஊத்தாத, 1990 அம்புலன்சுக்கு அடி.

பெரிய பைக்கு அதிகம் யோசிக்காத. நுவரெலியா 1,868 மீற்றர் உயரம், ராவில 12, 13 பாகைக்கு இறங்கும். தடிச்ச உடுப்பு ஒண்டை விட மெல்லிசு மூண்டு மேலுக்கு மேல போட்டாச் சூடு நிக்கும். பிள்ளைகளுக்கு மூண்டு கால்சட்டை, அஞ்சு மேலுடுப்பு, ஆறு சோடி சொக்ஸ். சொக்ஸ்தான் முதல் நனையும், அதில கஞ்சத்தனம் பிடிக்காத. ஜீன்ஸ் ஒண்டுக்கு மேல வேண்டாம், நனைஞ்சா கல்லுப் பாரம். காதை மூடுற தொப்பி எல்லாருக்கும். சுவெட்டர் காணாட்டி இஞ்ச கடை கடையா அலையாத, அங்கயே வாங்கலாம்.

ஷாம்பூ போத்தல் கொண்டு போகாத. உயரம் ஏற வெளிக் காத்தழுத்தம் குறையும், போத்தலுக்குள்ள இருக்கிற காத்து விரிஞ்சு ஷாம்பூவை மூடியால தள்ளும். சஷே வாங்கு. போத்தல்தான் வேணுமெண்டா அமத்திக் காத்தை வெளியில விட்டு, வாயில பொலித்தீன் துண்டு வச்சு மூடியை இறுக்கு.

அங்க உள்ளவைக்குத் தயிர்ச் சட்டி கொண்டு போறியளாம் எண்டும் தம்பி சொன்னான். புதுச் சட்டி மண் குடிச்ச தண்ணியை வெளியில கசியும், மேல் கடுதாசி மட்டும் காணாது. சட்டியைக் கழுத்து வரைக்கும் கொள்ளுற சின்ன வாளிக்குள்ள இறக்கி, சுத்திவர பேப்பரைச் சுருட்டி அமத்து. ஆடாட்டி உடையாது. பின்சில்லுக்கு மேல வைக்காம நடுச் சீற்றுக்குக் கீழ வை, அங்கதான் குலுக்கம் குறைவு.

ஹோர்ட்டன் சமவெளி போறதெண்டா சாப்பாட்டை டப்பாவில கட்டு, வாசலில பொலித்தீனை வாங்கி வச்சிடுவாங்க.

கட்டுறதை முதல் நாள் பின்னேரம் நாலு மணியோட முடி. ராவைக்கு மிச்சம் வைக்கிறது பிரஷ், சார்ஜர், ஐஸ் மட்டும். அதையும் ஒரு கடுதாசியில எழுதி வாசல் கதவில ஒட்டு. மீனை ஃபிரிட்ஜில வச்சிட்டுப் போகாத, கரண்ட் நிண்டா வந்து மூக்கைப் பொத்துவாய். காஸ் ரெகுலேற்றரைக் கழட்டு, தண்ணி மோட்டரையும் நிப்பாட்டு.

ரெண்டு வெறும் சாக்கு மடிச்சு வை கா. வரேக்க வெலிமடையில உருளைக்கிழங்கும் கரட்டும் வாங்கலாம். லீக்ஸ் வாங்கினா ஈரத்தோட சாக்கில கட்டாத, செங்கலடி வர முதல் அவிஞ்சிடும். எனக்கு ரெண்டு கிலோ கரட் காணும், தம்பியிட்டக் குடுத்து விடு. இனியாவது போனை எடு.

அன்போட,
ராசாத்தி