தராசு பிடிப்பவரை யார் பார்ப்பது

அன்பு மகளுக்கு,

பகாவிலிருந்து அப்பா எழுதுவது. இங்கு அம்மாவும் நானும் நலம். பங்குகளை வைத்திருக்க உதவும் சி.டி.எஸ். கணக்குத் திறக்கப் போவதாகப் போன வாரம் தொலைபேசியில் சொன்னாய். கூடவே, “பங்குச் சந்தையை நடத்தும் புர்சா மலேசியாவே இலாபம் பார்க்கும் கம்பெனிதானே, அது எப்படி மற்றக் கம்பெனிகளைக் கண்காணிக்கும்?” என்றும் கேட்டாய். பணம் போடுமுன் கேட்க வேண்டிய கேள்வியை நீ கேட்டதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி. நின்றவாக்கில் பதில் சொல்லக் கூடியதல்ல என்பதால் எழுதுகிறேன்.

நான் ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்த காலத்தில், நண்பகலில் பால் வெட்டுக்காரர்கள் வாளிகளோடு பால் ஸ்டோரின் முன் வரிசையில் நிற்பார்கள். ஒவ்வொருவர் பாலையும் நிறுத்து, மெட்ரோலாக் என்ற அளவுக் கருவியை அதில் மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்து எழுதுவது என் வேலை. எனக்குச் சம்பளம் தந்தது தோட்டம். எடையை நம்பி நின்றவர்களோ வெட்டுக்காரர்கள். மெட்ரோலாக்கின் கோட்டைப் படிக்கக் குனியும்போதெல்லாம், வரிசையில் முதலில் நிற்கும் வெட்டுக்கார அம்மாவும் என் தோளுக்கு மேலாக எட்டி அதே கோட்டைப் பார்ப்பார். அவர் அப்படிப் பார்த்தது எனக்கும் நல்லதாகவே இருந்தது. பங்குச் சந்தையைப் பற்றி எதைப் படித்தாலும் எனக்கு அந்த வரிசைதான் நினைவுக்கு வருகிறது.

சந்தையில் நடக்கும் வேலை, பார்க்கப் போனால், எளியதுதான். காலை 9 மணி முதல் 12.30 வரையிலும், பிற்பகல் 2.30 முதல் 5 மணி வரையிலும் வணிகம். நீ தரகு நிறுவனத்தின் வழியாகக் கொடுக்கும் ஆணை சந்தையின் கணினிக்குப் போகும். வாங்குபவர்களில் அதிக விலை சொன்னவருக்கும், விற்பவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கும் முதலிடம். விலை ஒன்றாக இருந்தால் முந்திச் சொன்னவருக்கு. வழக்கமாக வாங்கி விற்கும் ஒரு தொகுதி, அதாவது ஒரு லாட், என்பது 100 பங்குகள். வணிகம் முடிந்த இரண்டாவது வேலை நாளில் பணமும் பங்கும் கைமாறும். 2019 வரை அது மூன்றாவது நாளாக இருந்தது.

இந்தக் கைமாறும் இடத்தைத்தான் நீ நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். 1985 ஆம் ஆண்டின் இறுதியில், பான் எலெக்ட்ரிக் என்ற சிங்கப்பூர் கம்பெனி நொடித்துப்போனது. பின்னொரு தேதியில் பணம் தந்து பங்கை வாங்கிக்கொள்வதாகச் செய்திருந்த ஒப்பந்தங்கள் நிறைவேறாமல் தரகு நிறுவனங்கள் தத்தளிக்க, சிங்கப்பூர், கோலாலம்பூர் ஆகிய இரண்டு சந்தைகளும் மூன்று நாள் மூடிக் கிடந்தன. இன்று உனக்கும் உன்னிடம் விற்பவருக்கும் நடுவில் புர்சாவின் தீர்வகம் நிற்கிறது. விற்பவருக்கு அது வாங்குபவர், வாங்குபவருக்கு அது விற்பவர். எதிர்ப்பக்கத்தில் இருப்பவர் வாக்குத் தவறினாலும் உன் வணிகம் அந்தரத்தில் நிற்காமலிருக்கச் செய்த ஏற்பாடு அது.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். 2004 வரை கோலாலம்பூர் பங்குச் சந்தை அதன் உறுப்பினர்களான தரகு நிறுவனங்களின் அமைப்பாக இருந்தது. அந்த ஆண்டு அதைப் பங்குதாரர்களின் கம்பெனியாக மாற்றிப் புர்சா மலேசியா என்று பெயரிட்டார்கள். 2005 மார்ச்சில் அதன் பங்கு அதன் சந்தையிலேயே விற்பனைக்கு வந்தது. தராசு பிடிப்பவர் தம்மையும் அதே தராசில் ஏற்றிக்கொண்டார் என்று வைத்துக்கொள். வணிகம் பெருகினால் புர்சாவுக்குக் கட்டணம் பெருகும். தவறு செய்யும் கம்பெனியைத் தண்டித்தாலோ வணிகம் குறையக்கூடும். இந்த இழுபறி உண்மையானது. அதை யாரும் மறைக்கத் தேவையில்லை.

அதனால்தான் புர்சாவுக்கு மேல் 1993 இல் அமைந்த பங்குப் பத்திர ஆணையம் இருக்கிறது. சந்தையின் விதிகள் மாற வேண்டுமானால் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். பட்டியலிடப்பட்ட கம்பெனி என்ற முறையில் புர்சா தன் விதிகளுக்குத் தானே கட்டுப்படுகிறதா என்று பார்ப்பதும் ஆணையம்தான். தன் நலனும் பொதுநலனும் மோதினால் பொதுநலனே மேலோங்க வேண்டும் என்று 2007 ஆம் ஆண்டின் மூலதனச் சந்தைச் சட்டம் சந்தையைக் கட்டாயப்படுத்துகிறது. புர்சாவின் இயக்குநர் குழுவில் பொதுநல இயக்குநர்களும் இருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் கண்காணிப்பு வேலையை மட்டும் பார்க்க ஒரு தனித் துணை நிறுவனத்தையும் பிரித்து வைத்தார்கள். இது முன்பே நடந்திருக்க வேண்டியது என்பது என் எண்ணம்.

ஆனால், அந்த வெட்டுக்கார அம்மாவைப் போல எட்டிப் பார்க்கும் வேலை உன்னுடையது. புர்சாவின் முதன்மைச் சந்தைப் பட்டியலில் உள்ள ஒவ்வொரு கம்பெனியும் காலாண்டு முடிந்த இரண்டு மாதத்துக்குள் தன் கணக்கை வெளியிட்டாக வேண்டும். நிதிநிலை சீர்கெட்ட கம்பெனியைச் சந்தையே பிஎன்17 என்று குறித்து வைக்கிறது. அந்த எழுத்துகளைக் கண்டும், விலை மலிவாக இருக்கிறதே என்று வாங்கிவிடாதே.

கணக்குத் திறக்கும்போது, உன் பெயரிலேயே நேரடிக் கணக்கா, நாமினி கணக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள். நாமினி கணக்கில் பங்குகள் நாமினி நிறுவனத்தின் பெயரில் பதிவாகும்; ஆண்டுக் கூட்டத்துக்கு நீ போக வேண்டுமானால் அவர்கள் வழியாகத்தான் ஏற்பாடு செய்ய வேண்டும். கட்டணம் சற்றுக் கூடினாலும் நேரடிக் கணக்கையே திற, அம்மா. தீபாவளிக்கு வரும்போது நீ வாங்க நினைக்கும் அந்தச் செம்பனைக் கம்பெனியின் ஆண்டறிக்கையையும் எடுத்து வா. ஹெக்டருக்கு எத்தனை டன் குலை என்ற பக்கத்தை நான் உனக்குப் படித்துக் காட்டுகிறேன்.

அன்புடன்,
அப்பா