சயாம் ரயிலுக்குப் போன சேலம் ஜில்லாக்காரர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டாம் உலகப் போரின்போது சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பர்மாவுக்கு ஜப்பான் ராணுவம் போட்ட சயாம் மரண ரயில் பாதை பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். ஆற்றுப் பாலம், ஜப்பான் ராணுவம், வெள்ளைக்காரக் கைதிகள் எல்லாம் விரிவாக இருந்தது. மலாயா தோட்டங்களிலிருந்து பிடித்துப் போகப்பட்ட நம் ஆட்களுக்கு ஒரே ஒரு பத்தி. எழுதியவரைக் குறை சொல்லவில்லை. காகிதம் கையில் கிடைத்தால்தானே எழுத முடியும்?

எங்கள் சின்னத் தாத்தா அரூர் பக்கத்திலிருந்து ரப்பர் தோட்டத்துக்குப் போனவர். வீட்டில் அவருடையதாக மிஞ்சியிருப்பது ஒரு மணியார்டர் கூப்பன். 'அம்மாவுக்குக் கண் வைத்தியம் பார்க்கவும்' என்று பென்சிலில் எழுதியிருக்கிறார். முத்திரையில் 1940 தெரிகிறது. ஊர்ப் பெயரில் பாதியைப் பூச்சி தின்றுவிட்டது. சண்டை முடிந்து ஊர் திரும்பிய ஒருவர், 'சயாமுக்குக் கூட்டிப் போனாங்க' என்றாராம். அத்தோடு சரி.

415 கிலோமீட்டர் பாதை 1943 அக்டோபரில் முடிந்தது. சுமார் 13,000 போர்க்கைதிகளும் 80,000 முதல் ஒரு லட்சம் வரை கூலிகளும் செத்திருக்கலாம் என்கிறார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 சிப்பாய்களின் சமாதிகள் இருக்கின்றன. பெயரைத் தட்டினால் இணையத்திலேயே விவரம் வருகிறது. பட்டாளத்துக்காரனுக்கு நம்பர் இருந்தது, கணக்கு வைக்க அதிகாரி இருந்தார். காலராவில் போன கூலிக்கு யார் இருந்தார்கள்?

இவ்வளவுக்கும் எங்கள் தருமபுரிப் பகுதி நடுகல்லுக்குப் பேர் போனது. மாடு மீட்கப் போய்ச் செத்தவன் பெயரையும், எந்த அரசனின் எத்தனையாவது ஆட்சியாண்டு என்பதையும் ஆயிரம் வருஷத்துக்கு அப்புறமும் வரப்போரக் கல்லில் படிக்க முடிகிறது. செங்கம் பக்கம் எடுத்தனூரில் கள்ளரைக் கடித்த நாய்க்குக்கூட 'கோவிவன்' என்று பெயர் வெட்டியிருக்கிறார்கள்.

தேடக் கிளம்புகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 'தருமபுரி' என்று கேட்டால் எதுவும் கிடைக்காது. 1965 அக்டோபர் 2 வரை நாம் சேலம் ஜில்லா. கிருஷ்ணகிரி பிரிந்தது 2004-இல். இது தெரியாமல் நான் போன ஓர் அலுவலகம் இன்னொன்றைக் கை காட்டியது, அந்த இன்னொன்று 'உங்க மாவட்டம்தான் தனியாப் போயிடுச்சே' என்று திருப்பி அனுப்பியது. எழும்பூர் ஆவணக் காப்பகத்திலும் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்திலும் கேட்க வேண்டியது சேலம் ஜில்லா, அப்புறம் தாலுகா. தோட்டக்கூலிகளை அனுப்புவதை 1938-இல் இந்திய அரசு நிறுத்திவிட்டதால், ஆவடி, நாகப்பட்டினம் முகாம்கள் வழியாகக் கப்பலேறியவர்களுக்கு அதற்கு முந்தைய குடிபெயர்வுக் கோப்புகளைத்தான் புரட்ட வேண்டும். ஊர்ப் பெயரை அன்றைய குமாஸ்தா தன் காதில் விழுந்தபடி எழுதியிருப்பார், அதையும் மனதில் வையுங்கள்.

தனி ஆளாக ஒவ்வொரு கட்டாகப் புரட்டி இது ஆகிற வேலையில்லை. அயலகத் தமிழர் நலனுக்கென்று அரசு ஒரு துறையே வைத்திருக்கிறது. பழைய சேலம் ஜில்லாவிலிருந்து மலாயா போனவர்களின் பெயர்களைத் தாலுகா வாரியாக அட்டவணை போட்டு இணையத்தில் ஏற்றுவதும், மலேசிய ஆவணக் காப்பகத்தில் இருப்பவற்றுக்குப் பிரதி கேட்டு வாங்குவதும் அந்தத் துறையால் முடியாத காரியமா?

ஓசூர், ஊத்தங்கரை, பென்னாகரம் பக்கம் மலாயாக் கடிதமோ பழைய பாஸ்போர்ட்டோ வைத்திருப்பவர்கள் அதை எடைக்குப் போட்டுவிடாமல், செல்போனிலாவது படம் எடுத்து வைக்கும்படி தங்கள் பத்திரிகை ஓர் அறிவிப்பு வெளியிட்டால் நன்றாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அரூர், தருமபுரி மாவட்டம்.